இடித்த கான்கிரீட்டை மறுபடியும் கட்டுமானத்தில் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறோம் என்றதும் முதலில் எழும் கேள்வி, இடிபாடுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான். அதே இடத்தில் புதிதாகக் கட்டப் போகிறவர்கள் அடுத்த மாதமே லாரி லாரியாக ஜல்லி வரவழைப்பார்கள். வெளியே போன லாரியிலும் ஜல்லிதான் இருந்தது என்பதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கை எடுக்க நினைக்கும் வீட்டுக்காரர்களும் ஒப்பந்ததாரர்களும் இளம் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இடித்த கான்கிரீட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

கான்கிரீட்டின் கன அளவில் ஏறக்குறைய 60 முதல் 75 சதவீதம் ஜல்லியும் மணலும்தான். மீதி, சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகிய பசை, கொஞ்சம் காற்று. கட்டடத்துக்கு வயதாகலாம், உள்ளே இருக்கும் கல்லுக்கு வயதாவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்பு கருங்கல் ஜல்லி போட்டிருந்தால் இன்றைக்கும் அது கருங்கல் ஜல்லிதான்.

ஆனால் உடைத்து எடுக்கும்போது கல் தனியாக, சாந்து தனியாகப் பிரிந்து வருவதில்லை. பழைய சாந்து கல்லின் மேல் ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். மறுசுழற்சி ஜல்லியைப் பற்றிய நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மூலம் இந்த ஒட்டுச் சாந்துதான். அதில் நுண்துளைகள் அதிகம் என்பதால் தண்ணீரை உறிஞ்சும். புதுக் கருங்கல் ஜல்லி தன் எடையில் 0.5 முதல் 2 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும் என்றால், இது 3 முதல் 10 சதவீதம் வரை குடிக்கும். எடையும் குறைவு: புது ஜல்லியின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.6, 2.7 என்று இருக்க, இதற்கு 2.2 முதல் 2.5 வரைதான் வரும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

இது புதிதாக வந்த யோசனையா?

இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியின் நகரங்கள் இடிபாட்டு மேடுகளாகக் கிடந்தன. புதுக் கல் வெட்டி வர ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. இடிந்த செங்கல்லையும் கான்கிரீட்டையும் உடைத்து, அதில் கான்கிரீட் போட்டு வீடுகளைக் கட்டினார்கள். செங்கல் சில்லில் போடும் கான்கிரீட்டுக்கென்றே 1951இல் ஒரு ஜெர்மன் தரநிலை வந்தது. பயன்படாமல் மிஞ்சியதைக் குவித்ததில் பெர்லினில் டோய்ஃபெல்ஸ்பெர்க் என்ற குன்றே எழுந்தது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1995இல் மூடப்பட்ட ஸ்டேபிள்டன் விமான நிலையத்தின் ஓடுபாதைகளை உடைத்து, அங்கே எழுந்த புதுக் குடியிருப்பின் சாலைகளுக்கும் மற்ற கட்டுமானங்களுக்கும் கொடுத்தார்கள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டில் கட்டுமானக் கழிவுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அங்கே இடிபட்ட கான்கிரீட்டில் 95 சதவீதத்துக்கும் மேல் மறுபயன்பாட்டுக்குப் போகிறது, பெரும்பகுதி சாலை அடுக்குகளுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த கழிவுச் சட்டத்தில், கட்டுமான, இடிப்புக் கழிவில் 70 சதவீதத்தை 2020க்குள் மீட்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

புதுக் கல் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் கணக்குச் சொன்னது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் எடுக்கும் பொருள் இதுதான். ஆறும் மலையும் இதற்காகத்தான் கரைகின்றன. இன்னொரு பக்கம் நல்ல கல் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் குப்பையாகக் கொட்டப்படுகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கல்லில் செலவு பிடிப்பது தூரம். எடை அதிகம், விலை குறைவு என்பதால் லாரி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்கைக் கூட்டும். சைட்டிலேயே உடைத்துப் பயன்படுத்தினால் வெளியே போகும் நடையும் உள்ளே வரும் நடையும் சேர்ந்தே குறைகின்றன.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட்டின் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு சிமென்ட்டிலிருந்து வருவது. சிமென்ட்டாக அரைப்பதற்கு முன் உலையில் சுட்டெடுக்கும் கட்டிதான் கிளிங்கர்; அதில் ஒரு டன் தயாரிக்க 0.8 முதல் 0.9 டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஜல்லியை மாற்றுவதால் அது குறையாது. மறுசுழற்சி ஜல்லி போட்டதால் வலு குறைந்துவிடுமோ என்று பயந்து சிமென்ட்டைக் கூட்டிப் போட்டால், இன்னும் கூடத்தான் செய்யும். கல்லையும் நிலத்தையும் லாரி நடையையும் மிச்சப்படுத்துவதற்காக இதைச் செய்கிறோம் என்ற தெளிவு இருந்தால் கலவை வடிவமைப்பில் இந்தத் தவறு நடக்காது.

எந்தெந்த வேலைக்குப் போடலாம்?

எளிதானது சாலைக்கும் தரைக்கும் அடியில் வரும் அடுக்கு. உடைத்த கான்கிரீட்டின் முனைகள் கூர்மையாக இருப்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நனைத்து ரோலர் ஓட்டினால் நன்றாக இறுகும். பழைய பசையில் நீரேற்றம் ஆகாமல் மிஞ்சிய சிமென்ட் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் பிடிப்புக் கொடுப்பதும் உண்டு. வாகனம் நிறுத்தும் இடம், தற்காலிகப் பாதை, அஸ்திவாரக் குழியைச் சுற்றி நிரப்புவது, தரைக்கு அடியில் போடும் மெல்லிய பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்), நடைபாதைக் கல், சாலையோரக் கட்டை என்று பட்டியல் நீளும்.

சாலைக்கு அடியில் போடுவதைச் சிலர் கௌரவக் குறைவான பயன்பாடாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அடுக்குக்கும் யாரோ ஒரு மலையை உடைக்கத்தான் வேண்டியிருந்தது.

தூண், விட்டம், தளம் போட இதைப் பயன்படுத்தலாமா?

போடலாம், அளவோடு. தரநிலைகள் இங்கே கொஞ்சம் கறாராக இருக்கின்றன. இந்தியத் தரநிலை ஐஎஸ் 383இன் 2016 பதிப்பு, தூய கான்கிரீட்டை உடைத்துச் செய்த ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும், கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதமும் அனுமதிக்கிறது. கம்பி போட்டது என்றால் எம்25 என்ற வலுத் தரம் வரை மட்டும்தான் (எண் கூடக் கூட வலு கூடுதல்). எம்15க்குக் கீழான மெலிந்த கலவையில் 100 சதவீதமும் போடலாம். செங்கல்லும் பூச்சும் கலந்த ஜல்லிக்கு அந்த மெலிந்த கலவையில் மட்டுமே இடம். பிரிட்டிஷ் தரநிலையிலும் பொதுவான வரம்பு 20 சதவீதம். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 206, நல்ல வகை ஜல்லியை மிதமான சூழலில் 30 சதவீதம் வரை விடுகிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. எவ்வளவு கலக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் ஜல்லி எவ்வளவு சுத்தம் என்று கேட்டு, எச், எம், எல் என்று மூன்று தரமாகப் பிரித்தது. எச் தரத்தில் பெரிய ஜல்லியின் நீர் உறிஞ்சல் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்காகக் கான்கிரீட்டை 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, உரசி, ஒட்டுச் சாந்தைக் கழற்றும் ஆலைகளையே அமைத்தார்கள். அப்படி எடுத்த ஜல்லி புதுக் கல்லுக்கு அருகில் வந்துவிடும். செலவும் எரிபொருளும் அதிகம் என்பது அதன் மறுபக்கம்.

வலு எவ்வளவு குறையும்?

பெரிய ஜல்லியில் 20, 30 சதவீதம் வரை மாற்றும்போது அமுக்க வலுவில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. முழுக்க மாற்றினால் 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம். கனசதுரக் கட்டியை நசுக்கி வலுப் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது வேறு இரண்டு விஷயங்கள். முதலாவது விறைப்பு: ஒட்டுச் சாந்து கல்லை விட மென்மையானது, அதனால் அதே சுமைக்கு விட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தொய்யும். இரண்டாவது, உலரும்போது சுருங்குவதும் நீண்ட காலச் சுமையில் மெல்ல மெல்ல இழுபடுவதும் அதிகம். நீளமான விட்டத்திலும் மெல்லிய தளத்திலும் இவைதான் முதலில் தலைகாட்டும். விகிதம் கூடக் கூட, வலுவை மட்டும் பார்த்து வடிவமைப்பது போதாது. இதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தளம் போடும் நாள் காலையில் சொல்லக் கூடாது.

இடிக்கும் முறையை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். நல்ல ஜல்லி கிடைக்குமா என்பது உடைக்கும் இயந்திரமான கிரஷருக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது. கட்டடத்தின் மேல் முதல் அடி விழுவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

வழக்கமான இடிப்பில் என்ன நடக்கிறது? மரக் கதவு, பிளாஸ்டிக் குழாய், ஒயர், டைல்ஸ், ஜிப்சம் கூரை, செங்கல், கான்கிரீட் எல்லாம் ஒரே குவியலில் விழுகின்றன. அந்தக் குவியலிலிருந்து கான்கிரீட்டை மட்டும் பிரிப்பது, கலந்த அரிசி பருப்பைப் பொறுக்குவது போல. கையால் பிரித்தாலும் இயந்திரத்தால் பிரித்தாலும் முழுச் சுத்தம் வராது.

கட்டியதைத் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கான பயிற்சி உள்ளவர்களை வைத்து எடுக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடைந்து குவியலில் கலந்தால் மொத்தக் குவியலும் அபாயக் கழிவாகிவிடும். அப்புறம் கதவு, ஜன்னல், குழாய், மின் சாதனங்கள். அதன் பிறகு பொய்க் கூரை, தடுப்புச் சுவர், டைல்ஸ், நீர்க்கசிவைத் தடுக்கப் பூசிய தார் அடுக்குகள். பிறகு செங்கல் சுவர்கள். கடைசியில் கான்கிரீட் எலும்புக்கூடு மட்டும் நிற்க வேண்டும். அந்த நிலையில் இடித்தால் விழுவது எல்லாம் ஜல்லிதான்.

இதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும். இடிப்பு ஒப்பந்தத்தில் அந்த நாட்களுக்கு இடம் இல்லையென்றால் யாரும் செய்ய மாட்டார்கள். ‘இத்தனை நாளுக்குள் மனையைக் காலி செய்து தர வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருக்கும் ஒப்பந்தம் எல்லாவற்றையும் கலந்து வாரும்படி கட்டளையிடுவதற்குச் சமம். கான்கிரீட், செங்கல், மரம், உலோகம் தனித்தனிக் குவியல் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், வேலையின் போக்கே மாறிவிடும்.

பழைய வரைபடம் கிடைத்தால் தேடி எடுங்கள். எந்தத் தரக் கான்கிரீட் என்று தெரிந்தால் பாதி சோதனை மிச்சம். கிடைக்காவிட்டால் இடிப்பதற்கு முன்பே சில இடங்களில் உருளைத் துண்டு வெட்டி எடுத்து வலுவைப் பார்த்துவிடலாம். வலுவான கான்கிரீட்டை உடைத்தால் வலுவான ஜல்லி வரும்.

ஜிப்சமும் பூச்சும் கொஞ்சம் கலந்தால் என்ன?

ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட். அது சிமென்ட்டில் இருக்கும் அலுமினேட்டோடும் தண்ணீரோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகமாக வளரும். இறுகிய கான்கிரீட்டுக்குள் அது வளர இடம் இல்லை, அதனால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வளரும். போட்ட அன்று எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து வெடிப்பாகவும் உப்பலாகவும் வெளியே வரும். அடுக்குகளில் கொட்டினாலும் இதே தொல்லை வரலாம்: தரை மேலெழும்பும். சாதாரண சிமென்ட் பூச்சு இவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் அது மென்மையானது, உடையும்போது தூளைக் கூட்டும்.

எந்தக் கான்கிரீட்டை எடுக்கவே கூடாது?

கடல் நீரோ உப்போ ஊறிய கான்கிரீட்டைக் கம்பி போட்ட வேலைக்கு எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் குளோரைடு புதுக் கம்பியையும் அரிக்கும். ரசாயனத் தொழிற்சாலை, எண்ணெய்க் கிடங்கு போன்ற இடங்களின் தரைகள் சோதனை இல்லாமல் வேண்டவே வேண்டாம். காரத்துக்கும் சிலிக்காவுக்கும் இடையிலான வினையால் வலைப்பின்னல் போல வெடித்த கான்கிரீட்டும் புதுக் கட்டமைப்புக்கு ஆகாது, புதுச் சிமென்ட்டின் காரம் பட்டதும் அந்த வினை மறுபடி தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும் விடச் சுத்தமானது எது தெரியுமா? ரெடிமிக்ஸ் ஆலைக்குத் திரும்பி வந்து இறுகிய கலவையும், கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துத் தரும் முன்வார்ப்பு ஆலைகளில் கழித்துப் போட்ட துண்டுகளும். பூச்சு இல்லை, டைல்ஸ் இல்லை, தரமும் தெரியும்.

உடைப்பதற்கு என்ன இயந்திரம் வேண்டும்?

எக்ஸ்கவேட்டரில் பொருத்தும் பிரேக்கரோ, நண்டுக் கொடுக்கு மாதிரியான நொறுக்கியோ முதலில் பெரிய துண்டுகளை உடைக்கும். கொடுக்கு வகை கம்பியையும் அங்கேயே ஓரளவு பிரித்துக் கொடுத்துவிடும், சத்தமும் குறைவு. அடுத்தது ஜா கிரஷர். இரண்டு தாடைகளுக்கு நடுவே நசுக்கும் இது, மிச்சமிருக்கும் கம்பித் துண்டுகளைப் பார்த்து மிரளாது. ஆனால் சில்லு தட்டையாக வரும். இம்பாக்ட் கிரஷர் அடித்து உடைப்பதால் ஜல்லி கனசதுரமாக நல்ல உருவில் வரும், ஒட்டுச் சாந்தும் கொஞ்சம் உதிரும். பதிலுக்குத் தூள் அதிகமாகும், அடிக்கும் பாகங்கள் சீக்கிரம் தேயும். முதலில் ஜா, அடுத்து இம்பாக்ட் என்று இரண்டு கட்டமாக உடைப்பது நல்ல ஏற்பாடு.

பெல்ட்டின் மேல் தொங்கும் காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். அது பழைய இரும்பாக விலை போகும். காற்றால் ஊதியோ தண்ணீரில் மிதக்க விட்டோ மரம், தெர்மாகோல், பிளாஸ்டிக்கை எடுக்கலாம். கடைசியில் சல்லடை.

எவ்வளவு ஜல்லி கிடைக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கனமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கனமீட்டர் 2.4 டன் என்றால் 2,400 டன். உடைத்த பிறகு இடைவெளிகள் வந்துவிடுவதால் குவியல் 1,700 கனமீட்டர் அளவுக்கு ஊதிவிடும், இடம் ஒதுக்கும்போது இதை மறக்காதீர்கள். கம்பி கனமீட்டருக்கு 100 கிலோ இருந்தால் 100 டன் இரும்பு தனி. 20 மி.மீ. அளவுக்கு உடைத்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தூளாகப் போகும். மிச்சம் சுமார் 1,500 டன் பெரிய ஜல்லி.

இப்போது அதே அளவு, அதாவது 1,000 கனமீட்டர் புதுக் கான்கிரீட் போடுகிறோம். அதற்குப் பெரிய ஜல்லி ஏறக்குறைய 1,100 டன் வேண்டும். அதில் 20 சதவீதம் மாற்றினால் உள்ளே போவது 220 டன்தான். மீதி 1,280 டன் எங்கே போகும்? தரைக்கு அடியிலும் பாதைக்கு அடியிலும்தான் போயாக வேண்டும். அந்த இடங்களை வரைபடத்திலேயே குறித்து வைக்காவிட்டால், உடைத்த ஜல்லி மறுபடியும் லாரி ஏறி வெளியே போகும்.

சைட்டிலேயே உடைப்பதா, ஆலைக்கு அனுப்புவதா?

நகரும் கிரஷரைக் கொண்டுவந்து நிறுத்த, குவியல்கள் வைக்க, லோடர் திரும்ப என்று நல்ல இடம் வேண்டும். பக்கத்தில் வீடுகளோ பள்ளியோ மருத்துவமனையோ இருந்தால் சத்தமும் தூசியும் தாங்காது. சில நூறு டன்னுக்காக இயந்திரத்தைக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. சில ஆயிரம் டன், விசாலமான இடம், அங்கேயே பயன்பாடு என்று மூன்றும் இருந்தால் சைட்டிலேயே செய்யுங்கள். இல்லையென்றால் பிரித்து இடித்து ஆலைக்கு அனுப்புங்கள். எப்படியானாலும் பிரித்து இடிக்கும் வேலை உங்களுடையதுதான்.

கலவை சீக்கிரம் இறுகிவிடுகிறதே, ஏன்?

ஜல்லி தண்ணீரைக் குடித்துவிடுவதால். ஒரு கனமீட்டர் கலவையில் 300 கிலோ மறுசுழற்சி ஜல்லி, அதன் உறிஞ்சல் 6 சதவீதம், ஜல்லி காய்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். 18 லிட்டர் தண்ணீர் ஜல்லிக்குள் போய்விடும். கலவைக்கு ஊற்றியதே 180 லிட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அதுவும் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே. மிக்ஸரில் நன்றாக ஓடிய கலவை கொட்டும் இடத்துக்கு வரும்போது கட்டியாகி நிற்கும். உடனே யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வலு போவது அங்கேதான்.

வழி எளிது. முதல் நாளே குவியலின் மேல் தண்ணீர் தெளித்து ஊற விடுங்கள். கலக்கும் நேரத்தில் உள்ளே ஈரமும் மேலே காய்ந்தும் இருக்க வேண்டும். மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் கலவையில் கூடிவிடும். தினமும் காலையில் ஈரப்பதம் பார்த்துத் தண்ணீரைத் திருத்துங்கள். இரண்டு கட்டமாகக் கலப்பதும் நல்ல பலன் தருகிறது: ஜல்லி, மணலோடு முதலில் பாதித் தண்ணீர், அப்புறம் சிமென்ட், கடைசியில் மீதித் தண்ணீர். சிமென்ட் பசை ஜல்லியின் துளைகளிலும் வெடிப்புகளிலும் முதலில் படிவதால் பிடிப்பு கூடுகிறது. ஓட்டம் இன்னும் போதவில்லை என்றால் கலவையை இளக்கும் ரசாயனமான பிளாஸ்டிசைசர் சேருங்கள், தண்ணீர் வேண்டாம்.

தூளை மணலுக்குப் பதில் போடலாமா?

கட்டமைப்புக் கான்கிரீட்டில் நான் போட மாட்டேன். பழைய சிமென்ட் பசையும் ஜிப்சமும் அழுக்கும் அதிகம் சேர்வது தூளில்தான். நீர் உறிஞ்சல் 10 சதவீதத்தைத் தாண்டவும் செய்யும். குழாய்க்கு அடியில் படுக்கை, பேவர் பிளாக்குக்கு அடியில் அடுக்கு, குழி நிரப்புதல், சிமென்ட் ஆலைக்கு மூலப்பொருள் என்று அதற்கு வேறு இடங்கள் உண்டு. 2023இல் வந்த ஈஎன் 197-6 என்ற ஐரோப்பியத் தரநிலை, நன்றாக அரைத்த கான்கிரீட் தூளைச் சிமென்ட்டிலேயே ஒரு பகுதியாகச் சேர்க்க வழி செய்திருக்கிறது.

என்னென்ன சோதனை செய்ய வேண்டும்?

நீர் உறிஞ்சல், ஒப்படர்த்தி, சல்லடைப் பகுப்பு, நொறுங்கு மதிப்பு அல்லது லாஸ் ஏஞ்சலிஸ் தேய்மானம் (இரும்புக் குண்டுகளோடு உருட்டி எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது), சல்ஃபேட், குளோரைடு. இவற்றோடு ஒரு எளிய சோதனை: ஒரு வாளி ஜல்லியை எடுத்துக் கழுவி, மேசையில் பரப்பி, கையால் பிரியுங்கள். கான்கிரீட், வெறும் கல், செங்கல், தார், கண்ணாடி, மரம் என்று தனித்தனியாக எடை போட்டால் இடிப்பு எந்த லட்சணத்தில் நடந்தது என்று தெரிந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம், ஏன், ஒரே கட்டடத்தில் தளத்துக்குத் தளம் ஜல்லி மாறும் என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்த முடியாது. குவியலுக்குக் குவியல் பார்க்க வேண்டும்.

தூசியால் உடம்புக்கு ஆபத்து உண்டா?

உண்டு, பெரிய ஆபத்து. கான்கிரீட்டை உடைக்கும்போது பறக்கும் தூசியில் படிக சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2016இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடப் பல மடங்கு குறைவு.

உடைக்கும் இடத்திலேயே தண்ணீர் தெளிக்க வேண்டும். பெல்ட் முடியும் இடத்தில், லோடர் அள்ளும் இடத்தில், பாதையில் என்று எல்லா இடத்திலும் தெளிக்க வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் சரியான வடிகட்டி முகக்கவசம் வேண்டும். தினக்கூலிக்கு வரும் ஆளுக்கும் அதே கவசம்தான். கல்லை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒருவரின் மூச்சைச் செலவழிக்கக் கூடாது.

குவியலிலிருந்து வெள்ளையாக வழிகிறதே, அது என்ன?

பழைய பசையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து வருவது. அந்த நீரின் பிஎச் 11, 12 வரை போகும், அதாவது கடுமையான காரம். குளத்திலோ வாய்க்காலிலோ நேராகச் சேர்ந்தால் மீனுக்கு ஆகாது. குவியலைச் சுற்றி வரப்புக் கட்டித் தேக்குங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்ததும் அது சுண்ணாம்புக்கல்லாகப் படியும். சாலைக்கு அடியில் வடிகால் துணியும் குழாயும் இப்படி அடைபடுவது உண்டு. அதனால் வடிகாலை ஒட்டிய இடத்தில் இந்த ஜல்லியைப் போடாமல் இருப்பது நல்லது. அலுமினியக் குழாயும் துத்தநாகம் பூசிய குழாயும் இதன் பக்கத்தில் புதைந்தால் அரிக்கும்.

உடைக்காமலே எடுத்துப் பயன்படுத்த முடியாதா?

முடியும், முடிகிற இடத்தில் அதுதான் மேல். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்விக்கூட ஆய்வாளர்கள் 2021இல், ஒரு கட்டடத்தின் சுவரிலிருந்து அறுத்தெடுத்த 25 கான்கிரீட் கட்டைகளைக் கோத்து 10 மீட்டர் நீள நடைபாலம் ஒன்றைக் கட்டினார்கள். உடைத்து, அரைத்து, புதிதாக வார்க்கும் வேலை இல்லை. நம் வேலைகளில் இவ்வளவு துணிச்சல் தேவையில்லை. அறுத்த தளத் துண்டுகளைத் தடுப்புச் சுவராகவும் நடைபாதைப் பலகையாகவும் போடலாமே.

பழைய சிமென்ட்டையே மறுபடி சிமென்ட்டாக்க முடியுமா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வழியைக் காட்டினார்கள். பழைய இரும்பை உருக்கும் மின் உலையில் கசடு உருவாகச் சுண்ணாம்பு போடுவது வழக்கம். அதற்குப் பதிலாக, இடித்த கான்கிரீட்டிலிருந்து பிரித்த சிமென்ட் பசையைப் போட்டார்கள். மிதந்து வந்த கசடை வேகமாகக் குளிர வைத்து அரைத்தபோது சிமென்ட் கிடைத்தது. கார்பன் கணக்கைத் தொடுவது இந்த வகை வேலைதான். இதற்கும் தேவைப்படுவது சுத்தமாகப் பிரித்த பசை என்பதால், மறுபடியும் இடிப்பு முறைக்கே வந்து நிற்கிறோம்.

ஏற்கெனவே எல்லாம் கலந்து இடித்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

குவியலை அப்படியே லாரியில் ஏற்றிவிடாதீர்கள். பெரிய கான்கிரீட் துண்டுகளை எக்ஸ்கவேட்டர் வைத்து முதலில் தனியே இழுத்துப் போடுங்கள். அஸ்திவாரமும் தூணும் பெரும்பாலும் பெரிய துண்டாகத்தான் விழுந்திருக்கும், சுத்தமாகவும் இருக்கும். ஜிப்சம் பலகை கண்ணில் பட்டால் மழை பெய்வதற்குள் பொறுக்கிவிடுங்கள், நனைந்தால் கரைந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மரத்தையும் பிளாஸ்டிக்கையும் கையால் எடுக்கலாம். மிச்சமிருக்கும் மண் கலந்த சிறு தூளைச் சல்லடையில் தள்ளிவிட்டு, செங்கல்லும் கான்கிரீட்டும் கலந்ததைச் சல்ஃபேட் சோதனை பார்த்த பிறகு நிரப்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல கான்கிரீட் இன்னும் இடிபடவில்லை. அதைத் தோண்டும் அன்றைக்கு மண்ணைத் தட்டி, தனியாகக் குவியுங்கள்.